வெதுவெதுப்பான தண்ணீர்

அந்த ஆற்றங்கரை மடத்துக்கு ஞானம் தேடி வந்தவர்கள் உண்டு. பூதலிங்கம் வந்தது அரிப்புத் தாங்காமல்.

ஊரில் அவர் நெல் வியாபாரி. வறட்டுக் கரப்பான் இளவயதிலேயே பிடித்துக்கொண்டது. கையும் காலும் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அவர் ஏறி இறங்காத வைத்தியர் வாசல் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு களிம்பையும் கூடவே கொஞ்சம் நம்பிக்கையையும் கொடுத்தனுப்பினார்கள். களிம்பு தீரும்போது நம்பிக்கையும் தீர்ந்துவிடும்.

ஒருநாள் சொந்தக்கார வீட்டுக் குழந்தையை ஆசையாய்த் தூக்கினார். உள்ளங்கை உரசியதும் அது வீறிட்டது. தாய்க்காரி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அப்போது பூதலிங்கத்தின் மகள் முழுகாமல் இருந்தாள். தோல் தேறாமல் இனி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார்.

மடத்தின் குரு வடிவம்மை அவரைவிட வயதில் சிறியவர். பேச்சில் சிக்கனம். பூதலிங்கம் காலில் விழுந்து, சீடனாக ஏற்றுக்கொள்ளும்படி கெஞ்சியபோது உபதேசம் எதுவும் செய்யவில்லை. கொல்லையில் கிடந்த கல்தொட்டியைக் காட்டினார்.

"வெதுவெதுன்னு தண்ணி விட்டு, சோறு வடிச்ச கஞ்சியை அதுல கலக்குங்க. தினமும் கொஞ்ச நேரம் உள்ள கிடங்க. தேய்க்கக் கூடாது. எந்திரிச்சதும் ஈரம் காயுமுன்ன எண்ணெ தடவணும்."

"இதுக்கு மந்திரம் ஏதும் உண்டாம்மா?"

"தண்ணி கொதிக்கக் கூடாது."

அப்படியே செய்தார். தொட்டியை விட்டு எழுந்தால் தோல் இளகியிருக்கும், அரிப்பு அடங்கியிருக்கும். இன்றோடு விட்டது சனி என்று நினைப்பார். பொழுது சாயும்போது தோல் மறுபடி இழுக்கத் தொடங்கும். படுக்கையில் உதிர்ந்து கிடப்பதைக் கையால் கூட்டி எடுக்கும்போது அவருக்கு உயிரோடு இருப்பதே அலுத்துப்போகும். விடிந்தால் பழையபடி கஞ்சி, பழையபடி தொட்டி.

ஒருநாள் மருமகன் வந்து நின்றான்.

"பேத்தி பொறந்திருக்கா மாமா. தாத்தா மடியில வச்சுத்தான் பேரு விடணும்னு உங்க மக ஒத்தக்கால்ல நிக்கா. நாளைக்குக் காலையில வண்டியோட வாரேன்."

பூதலிங்கத்துக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் கஞ்சியைத் தொடவில்லை. அடுப்பைத் திகுதிகுவென்று எரியவிட்டார். கை பொறுக்காத சூட்டில் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். பீர்க்கங்காய் நாரால் பரபரவென்று தேய்த்தார். சூட்டில் அரிப்பு செத்தே போனது போலிருந்தது. இன்னும் ஊற்றினார், இன்னும் தேய்த்தார். தண்ணீர் சிவந்தது.

ஆவியைக் கண்டு வடிவம்மை ஓடி வந்தார். அவரைக் கைத்தாங்கலாக வெளியே இழுத்து உட்காரவைத்தார். குடம் குடமாகப் பச்சைத்தண்ணீர் ஊற்றித் தொட்டியை விளாவினார். கஞ்சியைக் கரைத்து, அவரைத் திரும்ப உள்ளே கிடக்கச் சொன்னார்.

"என்ன காரியம் செஞ்சீங்க?"

"வேரோட எரிச்சிரலாம்னு பாத்தேம்மா. வண்டி வந்திரும்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்ததும், ஈரக்கையைப் பிடித்து எண்ணெயை ஒற்றி ஒற்றி வைத்தார் வடிவம்மை.

"உள்ளதைச் சொல்லுங்கம்மா. இது என்னைக்குத்தான் கொணமாகும்?"

"ஆகாது."

பூதலிங்கம் வாய்விட்டு அழுதார். நரைத்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்க்க யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். வடிவம்மை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அப்பம் எதுக்கு இத்தனை நாளும் குளிக்கச் சொன்னீங்க? என்னை ஏமாத்தினீங்களா?"

"குளிச்சு எந்திரிச்சா அரிக்குதா?"

"அப்பம் இல்ல. பொறகு அரிக்குதே!"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

வாசலில் வண்டி வந்து நின்றது. மருமகன் கூப்பிடும் சத்தம் கேட்டது. பூதலிங்கம் அசையவில்லை.

"நான் போகலம்மா. பச்சப்பிள்ளைக்கு இது ஒட்டிக்கிட்டா?"

"இது ஒட்டுற நோயில்ல."

"என் கை உரசும். அது அழும். எல்லார் முன்னாலயும் பிடுங்கிக்கிடுவாங்க. கொணமே ஆகாதுன்னுட்டீங்க. அப்பம் எம் பேத்திய நான் எப்பந்தாம்மா தூக்குறது?"

வடிவம்மை அவருடைய உள்ளங்கையை விரித்து, மீதி எண்ணெயையும் அதில் விட்டார்.

"குளிச்சிட்டு," என்றார். "தினமும்."