செலின் படகுல சார்ஜைத் தின்னது யாரு?

ஒரு ஊர்ல ஒரு படகு. டீசல் குடிக்காது, புகை விடாது, பேட்டரியில ஓடும். சர்ர்ருனு தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும், அவ்வளவுதான் சத்தம். காயலுக்கு இந்தக் கரையில ஊரு, அந்தக் கரையில பள்ளிக்கூடம். பிள்ளைங்களைத் தினம் அக்கரையில கொண்டு விடுறது அந்தப் படகுதான். ஓட்டுறவ பேரு செலின். எங்க, ம் கொட்டு.

ம்.

அதுக்கு முன்னாடி அந்த வேலையைப் பாத்தது தொபியாஸ் அண்ணனோட டீசல் படகு. டுபுடுபுடுபுனு போகும், பிள்ளைங்க இருமிக்கிட்டே எறங்கும். ஊர்ல கூடிப் பேசி, வேலையைச் செலினுக்கு மாத்திட்டாங்க. அண்ணன் வீடு படகுத்துறையை ஒட்டியே. செலின் வர்றப்ப போறப்ப எல்லாம், வாசல்ல வலையைத் தச்சுக்கிட்டே அவரு நிமிந்து பாப்பாரு. அந்தப் பார்வையே செலினுக்கு ஆகாது.

சனிக்கிழமை ஆனா, அக்கரை ஐஸ் கம்பெனியில முழுசா சார்ஜ் ஏத்திட்டு வந்து, துறையில படகைக் கட்டிட்டு, செலின் மக வீட்டுக்கு பஸ் ஏறிடுவா. மக பிள்ளை பெத்திருந்தா. அப்புறம் திங்கக்கிழமை விடிய வந்து பாத்தா, சார்ஜ் பாதிதான் இருந்துச்சு. யாரும் தொடாம எப்படிக் குறையும்? செலின் அண்ணன் வீட்டைப் பாத்தா. அண்ணன் அவளைப் பாத்தாரு. ராத்திரியில நம்ம படகை எடுத்துக்கிட்டு மீனுக்குப் போறாருன்னு அவளுக்கு முடிவாயிருச்சு. அன்னையிலேருந்து அவரோட பேச்சை விட்டுட்டா.

அடுத்த சனிக்கிழமை சாவியை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனா. வந்து பாத்தா, சார்ஜ் இன்னும் கம்மி. அப்போ அவருகிட்ட கள்ளச்சாவி இருக்குன்னு நெனச்சுக்கிட்டா.

அதுக்கு அடுத்த தடவை, தூண்டில் நரம்பை எடுத்து, கண்ணுக்குத் தெரியாம படகுக்குக் குறுக்க கட்டிவச்சா. யாராவது கால் வச்சா பட்டுனு அறுந்துடும். வந்து பாத்தா, நரம்பு கட்டினது கட்டினபடியே இருக்கு. சார்ஜ் மட்டும் கொஞ்சூண்டுதான். அப்பவும் அவ என்ன நெனச்சா தெரியுமா? "கட்டினதை அவுத்து, அதே மாதிரி முடிச்சுப் போட்டிருக்காரே. பலே ஆளு."

அன்னைக்குப் படகு நடுக்காயல்ல பொசுக்குனு நின்னுபோச்சு. மூங்கிலை ஊன்றி ஊன்றிக் கரை சேர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துல மணி அடிச்சுட்டாங்க. இன்னொரு தடவை பிள்ளைங்க நேரத்துக்குப் போக முடியலேன்னா வேலை மறுபடியும் டீசல் படகுக்குத்தான்னு ஊர்ல சொல்லிட்டாங்க. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அடுத்த சனிக்கிழமை செலின் பேட்டரியில மாட்டியிருந்த வயரையே கழட்டி எடுத்துட்டா. மக வீட்டுல அதைத் தலைகாணிக்கு அடியில வச்சுத்தான் படுத்தா. இனி எப்படித் திருடுவாருன்னு பாப்போம்னு நிம்மதியாத் தூங்குனா.

திங்கக்கிழமை வந்தா, படகு விளிம்பு வரைக்கும் தண்ணிக்குள்ள கிடக்கு. பக்கத்துல தொபியாஸ் அண்ணன், நெஞ்சளவு தண்ணியில, கையில வாளியோட.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா, அண்ணே?"

சளக், சளக்னு வாளி போய்க்கிட்டே இருந்துச்சு. அப்பதான் செலின் உத்துப் பாத்தா. அவரு தண்ணியை உள்ள ஊத்தல, வெளிய ஊத்துறாரு.

"தினம் ராத்திரி பம்பு கொர்ர்ருனு ஓடும். ரெண்டு நாளா சத்தத்தைக் காணோம். அதான் வந்து பாத்தேன்."

"எந்தப் பம்பு?"

"உன் படகு அடிப்பலகைக்குக் கீழ இருக்குறதுதான். ஓட்டை வழியாத் தண்ணி ஏற ஏற, தானா இறைச்சு வெளிய விடுமே."

பகல்ல பிள்ளைங்க போடுற கூச்சல்ல அந்தச் சத்தம் அவ காதுல விழுந்ததே இல்ல. சார்ஜைத் தின்ன திருடன் அந்தப் பம்புதான். தின்னுட்டுப் படகை முழுக விடாம காப்பாத்திக்கிட்டிருந்திருக்கு. அதோட வயரைத்தான் செலின் தலைகாணிக்கு அடியில வச்சிருந்தா.

"முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணே?"

"எங்க சொல்ல விட்ட? என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறியே."

அதுக்குள்ள பிள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. அண்ணன் வாளியைப் போட்டுட்டு, தன்னோட படகை டுபுடுபுனு கிளப்பினாரு. அவ்வளவுதான், வேலை போச்சுன்னு செலின் அப்படியே நின்னா. அப்போ அவரு பின்பக்கத்தை விட்டு நகந்து உக்காந்தாரு.

"ஏன் நிக்கிற? சுக்கானைப் பிடி. ஓட்டையை அடைக்கிற வரைக்கும் இதை ஓட்டு. வேலை உன்னோடது, எனக்கு வேணாம். அந்தப் பிள்ளைங்க இருமுறதைக் கேட்டு எனக்கே போதும்னு ஆயிருச்சு."

செலின் அவரை ஒருவாட்டி ஏற இறங்கப் பாத்தா. இதுல என்ன சூது இருக்கோ? படகுல ஏறினா, மொத வேலையா அடிப்பலகையைத் தூக்கினா, கையை உள்ள விட்டுத் துழாவினா. சொட்டுத் தண்ணி இல்ல, காஞ்சு கிடந்துச்சு. அப்புறம்தான் சுக்கானைப் பிடிச்சா.

டுபு... டுபு... டுபு... படகு கரை சேந்துச்சு. கதையும் கரை சேந்துச்சு. நீ கண்ணை மூடு.