எதிரே நின்ற பதில்

வடக்கே ஓர் ஆற்றங்கரையில், மொகலாய ராஜா ஒருவர், காலமான தன் ராணிக்கு வெள்ளைக் கல்லில் சமாதி எழுப்பினார். சமாதிக்கு மேற்கே சிவப்புக் கல்லில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். கட்டி முடித்துத் தூர நின்று பார்த்தபோது, தராசில் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்த மாதிரி இருந்தது. அதனால் கிழக்கேயும் அதே மாதிரி ஒன்று எழுப்பச் சொன்னார். அதே சிவப்பு, அதே வெள்ளைக் குவிமாடங்கள், அதே உயரத்தில் அதே வளைவு.

ஆனால் அது பள்ளிவாசல் இல்லை. நம் தேசத்திலிருந்து மக்கா மேற்கே இருக்கிறது. பள்ளிவாசலின் பின்சுவர் மேற்கே பார்த்திருந்தது. அதில் மிஹ்ராப் என்கிற மாடம் இருந்தது. தொழுகிறவர்கள் அதை நோக்கி நிற்பார்கள். கிழக்கே நின்றதன் பின்சுவரோ மக்காவுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அங்கே மாடம் வைத்து என்ன பயன்? வைக்கவில்லை. பள்ளிவாசல் தரையில் கறுப்புக் கல்லால் தொழுகை விரிப்புகளின் வடிவம் இழைத்திருந்தார்கள். இங்கே வெறும் கட்டம் போட்டு விட்டார்கள். எதிரே நிற்பதற்கென்றே பிறந்த கட்டடம். அதற்கு ஜவாப் என்று பேர் வைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால், பதில்.

அன்று தொட்டுப் பதிலுக்கு ஒரே யோசனை. பதில் என்று ஒன்று இருந்தால் கேள்வி என்று ஒன்று இருந்தாக வேண்டுமே. ஒரு நாள் சமாதியைத் தாண்டிப் பள்ளிவாசலைக் கூப்பிட்டது.

"அண்ணே, நீங்க என்ன கேட்டீங்க? நான் எதுக்குப் பதில்?"

பள்ளிவாசல் ரொம்ப நேரம் யோசித்தது. "நான் ஒண்ணும் கேக்கலையே தம்பி."

"அப்ப ராணி கேட்டாங்களோ?"

"அவங்க கண்ண மூடின பெறகுதானே நம்ம ரெண்டு பேரையும் கட்டினாங்க. என்னைப் பாத்துட்டு உன்னை எழுப்பினாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பதிலுக்கு அப்போதுதான் தன் பேரின் இன்னொரு அர்த்தம் உறைத்தது. ஆலையில் வராதவனுக்குப் பதிலாக நிற்கிறவனைப் பதிலி என்பார்கள். அவனுக்கு வேலை உண்டு, இடம் கிடையாது.

காலம் போயிற்று. ராஜாக்கள் போனார்கள், சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். சமாதியைப் படம் பிடிக்க நல்ல சட்டம் வேண்டும் என்றால் பதிலின் வளைவுக்குள் வந்து நிற்பார்கள். எடுத்த கையோடு போய்விடுவார்கள். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் உண்டு. குவிமாடத்தின் கீழே நின்று கத்திப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. கத்தினதைப் பதில் அப்படியே திருப்பிச் சொல்லும். மனிதரிடம் பேச அதற்கு அந்த ஒரு குரல்தான். கொடுத்ததைத் திருப்பலாம், தானாக ஒரு சொல் எடுக்க முடியாது.

அதற்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரு நெற்றி. ஒரே ஒரு நெற்றி தன் தரையைத் தொட்டால் போதும்.

இதைச் சொன்னால் பள்ளிவாசல் சலித்துக்கொள்ளும். "எங்கிட்ட மட்டும் என்ன வாழுதாம்? முக்கால்வாசிப் பேரு கூரையப் பாத்து வாயப் பொளந்துட்டுப் போறான். நெத்தி வைக்கிறவன் எத்தனை பேரு?"

"வைக்கிறவங்க வந்தா உங்ககிட்டத்தானே அண்ணே வர்றாங்க" என்றது பதில். அதற்குமேல் அவர்கள் அதைப் பேசுவதில்லை.

ஒரு சமயம் பதிலின் வளைவில் மராமத்து வேலை நடந்தது. சாரம் கட்டி, வாசலை மறைத்துத் தார்ப்பாய் தொங்கவிட்டிருந்தார்கள். அன்று பிற்பகல், அசர் தொழுகை நேரத்தில், தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நடுவயது. வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள். கையில் பை.

உத்தமபாளையத்திலிருந்து வந்த சுற்றுலா பஸ்ஸில் வந்தவள். கூட்டத்தில் கணவர் முன்னால் நடந்துவிட்டார். சமாதியைச் சுற்றி வந்ததில் அவளுக்குத் திசை குழம்பிவிட்டது. பார்த்த பக்கமெல்லாம் அதே சிவப்பு, அதே வளைவு. இதுதான் பள்ளிவாசல் என்று வந்துவிட்டாள். கூட்டமே இல்லையே, நல்லதாப் போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பையிலிருந்து ஒரு தொழுகை விரிப்பை எடுத்து, எல்லாப் பள்ளியிலும் செய்கிற மாதிரி, பின்சுவரைப் பார்த்து விரித்தாள்.

பதிலுக்கு மூச்சே நின்றுவிட்டது.

அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது விரிப்பு மெதுவாகப் பேசியது. "ஆமா, இங்க மிஹ்ராப் எங்க?"

பதில் தன் வெறும் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உன்னையத்தான் கேக்குறேன். தப்பான பக்கம் விரிச்சிருக்காளா?"

"ஆமா" என்றது பதில். "ஆனா சொல்லிராதே. அவ தெரியாமத்தானே செய்யிறா? ஆண்டவன் ஏத்துக்குவான். எனக்கு இது ஒண்ணுதான். என்னைக் கட்டின நாள்லேருந்து காத்துக்கிடக்கேன்."

விரிப்பு அதற்கு அவள் கதையைச் சொன்னது.

அது அவளுடைய விரிப்பே இல்லை. அவள் அக்கா சபூராவுடையது. நடுவில் தேய்ந்திருந்த இரண்டு இடமும் சபூராவின் முழங்கால் பட்ட இடம். சபூரா கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, வந்த சனம் கலைவதற்குள்ளேயே பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளைக்குத் தாய் வேண்டும். தங்கச்சி இருக்கிறாள். அபுதாகிரை அதுவரை அக்கா புருஷன் என்று மச்சான் போட்டுக் கூப்பிட்டவள், நிக்காஹ் முடிந்த பிறகும் மச்சான் என்றே கூப்பிட்டாள். கூப்பிடுகிற முறையைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, வைததில்லை. வளையல் வாங்கி வந்தால் சபூரா கை அளவுக்கு இருக்கும். இவள் துணி சுற்றிப் போட்டுக்கொள்வாள். இந்த ஊரைக் காட்டுவதாகச் சபூராவுக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் வரும்போது, "அவ இருந்தா எம்புட்டு சந்தோசப்படுவா" என்றார். இவளும் ஆமா மச்சான் என்றாள்.

"இவ பேரு என்ன?" என்று கேட்டது பதில்.

"ஜைத்தூன். நானே அந்தப் பேரக் கேட்டு நாளாச்சு. தெருவுல கேட்டா சபூரா தங்கச்சி. அந்தாளு வாய் தவறுனா சபூரா, தவறலேன்னா ஏ புள்ள." விரிப்பு குரலைத் தாழ்த்தியது. "வாழ்நாளெல்லாம் இன்னொருத்தி எடத்துலயே நின்னு பழகிட்டா. நீயும் இன்னொண்ணோட எடத்துல நிக்கிறவன். இவளை ஏமாத்த ஒனக்கு எப்படி மனசு வருது?"

ஜைத்தூன் தொழுகையைத் தொடங்கக் கைகளை உயர்த்தப் போனாள்.

பதில் தனக்குள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது. குவிமாடத்துக் காற்று இறங்கித் தார்ப்பாயைத் தூக்கி எறிந்தது. மேற்கு வெயில் பாய்ந்து உள்ளே வந்தது. அவள் நிழல் நீளமாக அவளுக்கு முன்னால் விழுந்தது.

அவள் கை பாதியில் நின்றது. ஊரில் அசர் தொழும்போது வெயில் முகத்தில் அல்லவா அடிக்கும்?

திரும்பிப் பார்த்தாள். வளைவுக்கு நேர் எதிரே வெள்ளைச் சமாதி. அதற்கு அப்பால் சிவப்பாக, இதே மாதிரி இன்னொரு வளைவு. மச்சான் அங்கேதான் தொழுதுகொண்டிருப்பார். சமாதிக்கும் இவளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜைத்தூன் சத்தமில்லாமல் சிரித்தாள். "இங்கிட்டுத் திரும்புனா கிப்லா இல்ல, மக்கா முதுகுப் பக்கம். அங்கிட்டுத் திரும்புனா நேர் எதுக்க கபரு, கபரப் பாத்துத் தொழக் கூடாது. எப்பவும் ஒருத்தி கபரத் தாண்டித்தான் எல்லாமே. எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு எடம்."

விரிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். யா அல்லாஹ் என்று பெருமூச்சு விட்டாள். குவிமாடம் அதைத் திருப்பிச் சொன்னது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு யாரும் இருக்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திருடுகிறவள் மாதிரி மெதுவாக, தன் பேரைச் சொன்னாள்.

"ஜைத்தூன்."

"ஜைத்தூன்" என்றது பதில். தன்னிடம் இருந்த எல்லாக் கல்லாலும் சொன்னது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, யாரோ கூப்பிட்டதற்குச் சொல்கிற மாதிரி, "ம்" என்றாள்.

வெளியே தோட்டத்துப் பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. தொழுகை முடிந்து அபுதாகிர் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"சபூரா! எங்கிட்டுப் போய்த் தொலைஞ்ச? பஸ்ஸு கெளம்பிரும்."

வாய் தவறியது அவருக்கே தெரியவில்லை. வளைவுக்குள் வருகிற எந்தச் சத்தத்தையும் திருப்பிச் சொல்லாமல் இருந்ததில்லை பதில். அந்தப் பேரை மட்டும் விழுங்கிக்கொண்டது.

"இந்தா வாரேன் மச்சான்" என்று எழுந்தாள் ஜைத்தூன். விரிப்பை மடித்துப் பையில் வைத்தாள். மடிக்கும்போது தேய்ந்த இடம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. வாசலில் ஒரு கணம் நின்று, சிவப்புக் கல்லைக் கையால் தடவிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்து கேட்டை அடைத்தார்கள். பள்ளிவாசல் சமாதியைத் தாண்டிக் குரல் கொடுத்தது. "என்ன தம்பி, இன்னைக்கு உன் பக்கம் ஒரு அம்மா வந்தாப்புல இருந்துச்சு. நெத்தி வச்சாங்களா?"

"இல்ல அண்ணே."

"பெறகு? யாரு அது?"

பதில் அவள் பேரைச் சொன்னது. பள்ளிவாசல் சரி என்று அடங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலேயே, பதில் அந்தப் பேரை இன்னொரு தடவை சொன்னது.