அத்திமரச் சந்தையும் ஓணானின் தலையாட்டமும்

குழந்தைகளே, உங்களுக்கு உரிய பொருளின் மதிப்பை அறிய அந்தப் பொருளைப் பார்ப்பீர்களா, அதைப் பற்றிப் பேசுபவரின் முகத்தைப் பார்ப்பீர்களா? இதைக் கேட்டுவிட்டு விடை சொல்லுங்கள்.

ஒரு காட்டில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அது பழுக்கும் முன்பே விலங்குகள் அதன் கிளைகளில் பங்கு பிடித்துவிடும். அந்தந்தக் கிளைக்கு நேரே அடிமரப் பட்டையில் நகத்தால் கீறினால் போதும். கீறலின் நீளத்துக்குப் பழுப்பதெல்லாம் கீறிய விலங்குக்கே சொந்தம். ஒரு கிளைப் பங்கைக் கொடுத்து மறு கிளைப் பங்கை வாங்கவும் செய்யலாம். அதை முடித்துக் கொடுப்பது மந்தியின் தொழில். மாற்றும்போதெல்லாம் கீறலில் சிறிது குறையும். குறைந்த பகுதி மந்திக்கு.

கிழக்குக் கிளையில் ஓர் அணிலுக்கு நீண்ட பங்கு இருந்தது. அதன் கூட்டில் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. கோடை முழுவதும் அவற்றை வளர்க்க அந்தப் பங்கு போதும்.

அவ்வாண்டு காற்று நிலையின்றி வீசியது. சில பிஞ்சுகள் உதிர்ந்தன. உடனே சந்தை கலங்கியது. எல்லா விலங்குகளும் மரத்தடிப் பாறையில் வீற்றிருந்த ஓணானிடம் ஓடின. வருங்காலம் உரைப்பதில் அதற்குப் பெரும்புகழ். ஓணானின் தலை உயர்ந்தால் கிழக்குக் கிளையின் மதிப்பு ஏறுமாம், தாழ்ந்தால் இறங்குமாம். அதுவோ இரண்டையும் ஓயாமல் செய்தது.

தலை தாழ்ந்தபோது அணில் மேற்குக் கிளைக்கு மாறியது. உயர்ந்தபோது கிழக்குக்கே திரும்பியது.

"சரியான நேரத்தில் வந்தாய், அக்கா," என்று மந்தி ஒவ்வொரு முறையும் பாராட்டியது. ஒவ்வொரு முறையும் கீறல் குறுகியது.

தன் பங்கு பாதியாகிவிட்டதைக் கண்டதும் அணிலுக்குக் குட்டிகளின் நினைவு வந்தது. அது ஓணானிடம் தனியே சென்றது.

"ஐயா, தங்கள் பங்கு எந்தக் கிளையில் இருக்கிறது?"

"எனக்கு எதற்குப் பங்கு, தாயே? நான் அத்திப்பழம் தின்பதில்லை."

"பிறகு ஏன் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள்?"

"கூட்டம் கூடினால் ஈ கூடும். ஈ எனக்கு உணவு."

"அந்தத் தலையசைப்பு?"

"அது பிறந்தது முதல் ஆடுகிறது. அதற்குப் பொருள் சொன்னவர்கள் நீங்கள்தாம்."

அணில் அந்தப் பருவத்தில் முதன்முறையாகக் கிழக்குக் கிளைமீது ஏறிப் பார்த்தது. கிளை உறுதியாக இருந்தது. காற்று உதிர்த்தவை சூம்பிய பிஞ்சுகள் மட்டுமே. மற்றவை பருத்துச் சிவந்திருந்தன. ஆனால் அணிலிடம் எஞ்சிய பங்கு பாதிக் கோடைக்குத்தான் வரும். மீதிக் கோடையை மந்தி பக்கத்தில் அமர்ந்து தின்றுகொண்டிருந்தது.

அணில் கீழே இறங்கி, ஓணான் சொன்னதை எல்லோருக்கும் சொன்னது. கரடி வியந்து போயிற்று.

"பழமே தின்னாதவரா? அப்படியானால் அவர் வாக்கில் தன்னலம் துளியும் இருக்காது."

மறுநாள் பாறையைச் சுற்றிக் கூட்டம் இரட்டிப்பாயிற்று. ஈக்களும் பெருகின. ஓணான் தலையை ஆட்டியது.

நீதி: உன் பொருளில் பங்கில்லாதவனின் தலையசைப்பை நம்பி உன் கிளையை மாற்றாதே; இன்றே, பொழுது சாயும் முன்பே, ஏறிச் சென்று அதை உன் கண்ணால் பார்.