மாடத்தியின் நாற்பது

பொருநை ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மறுப்பு எழுதுவதில் அதற்குப் பெரிய பேர். எந்த ஊரில் யார் சங்கடமான நூல் ஒன்றை எழுதினாலும், அதன் ஏடு எப்படியாவது இங்கே வந்து சேரும். மடத்துப் புலவர் ஒருவர் அதை மறுத்து எழுதுவார். சபை கூடும், மறுப்பு அரங்கேறும். பிறகு மடத்தின் தலைவரான சன்னிதானம் தம் கையாலேயே அந்த ஏட்டைத் தீயில் போடுவார். அதோடு அந்த நூலுக்குத் தலைமுழுக்கு.

இதில் ஒரு விதி உண்டு. மறுக்கிறவர் முதலில் எதிராளியின் நூலை முழுக்கச் சொல்லவேண்டும். ஏடு பாராமல், ஓர் எழுத்துப் பிசகாமல், எதிராளியே நேரில் வந்து நிற்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் தம்முடைய பதில். விளங்காமல் திட்டுகிறார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே! தாங்கள் நியாயவான்கள் என்பதில் அந்த மடத்துக்காரர்களுக்கு அவ்வளவு கர்வம்.

ஆவுடையப்பன் அப்படிப் பதினொரு நூல்களை மறுத்தவர். ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டாவதையும் மறுத்துவிட்டால் தமக்குப் பிறகு மடத்துப் பட்டம் அவருக்குத்தான் என்று சன்னிதானமே வாய்விட்டுச் சொல்லியாயிற்று. முப்பது வருஷமாக மனுஷன் காத்திருந்ததும் அதற்குத்தான்.

பன்னிரண்டாவதாக வந்து சேர்ந்தது ஒரு மருத்துவச்சியின் நூல். மாடத்தி என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். எழுத்து வாசனை கிடையாது. பாடியது மொத்தம் நாற்பது பாட்டு. யாரோ கேட்டு ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். பிறப்பில் மேல் என்றும் இல்லை, கீழ் என்றும் இல்லை, எல்லோரையும் முதலில் பார்த்தவள் நான் சொல்கிறேன் என்பதுதான் அதன் சாரம்.

ஆவுடையப்பன் ஒரே மூச்சில் படித்தார். ஏழே நாளில் நூறு பாட்டில் மறுப்பு எழுதினார். ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தார்.

எங்கே முடிந்தது! ஆனியில் படித்த நூல் தை பிறந்தும் அவரை விடவில்லை. பூசைக்கு உட்கார்ந்தால் ஒரு பாட்டு வந்து நிற்கும். படுத்தால் இன்னொன்று. சாப்பாடு குறைந்து ஆள் பாதியாகிவிட்டார். சபைக்கு ஒரே நாள் மீதி இருந்தபோது தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியரைத் தேடிப் போனார்.

ஆசிரியர் சிற்றம்பலவர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று மடத்தில் சிரித்தவர்கள் உண்டு. ஆவுடையப்பன் அதைச் சட்டை செய்ததே இல்லை.

“ஐயா, ஒரு நூல மறக்கதுக்கு வழி சொல்லணும்.”

“பதினொண்ண மறந்தீரே, அதெல்லாம் எப்படி மறந்தீர்?”

“அது தானாப் போச்சு. மறுப்பு எழுதி முடிச்சா போயிரும். இது மட்டும் போகமாட்டேங்குது.”

சிற்றம்பலவர் படித்துக்கொண்டிருந்த ஏட்டைக் கீழே வைத்தார்.

“உம்ம மறுப்பச் சொல்லும், கேப்போம்.”

ஆவுடையப்பன் தொடங்கினார். பத்தாவது பாட்டில் தடுமாறினார். பதினாலாவதில் நின்றே போனார். இத்தனைக்கும் தாமே எழுதியது.

“சரி, மாடத்தி நூலச் சொல்லும்.”

நாற்பதும் மடமடவென்று வந்தன. சொல்லச் சொல்லத் தம் குரல் கனிவதை அவரே கேட்டார். வெட்கமாக இருந்தது.

“கேள்விக்குப் பதில் சொல்லிட்டா கேள்வி போயிரும் ஓய்,” என்றார் சிற்றம்பலவர்.

“நூறு பாட்டுல பதில் சொல்லியிருக்கேனே!”

“அப்பம் போயிருக்கணுமே.”

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பேசுகிற பேச்சா இது?

“நாளைக்கு நான் என்ன செய்யட்டும்? அதச் சொல்லுங்க.”

“மடத்து விதி என்ன?”

“மொதல்ல அவ நூலு. பொறவு என் பதில்.”

“விதிப்படி செய்யும்.” சிற்றம்பலவர் மறுபடியும் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சபை கூடியது. இருநூறு பேர். நடுவே தீ எரிந்தது. சன்னிதானத்தின் பக்கத்தில் மாடத்தியின் ஏடு ஒரு தட்டில் கிடந்தது.

ஆவுடையப்பன் சொல்ல ஆரம்பித்தார். பாதிக்கு மேல் இருமல் சத்தம்கூட நின்றுபோயிற்று. நாற்பதாவது பாட்டை அவர் அவசரப்படாமல் சொன்னார்.

தாய்முகம் காணு முன்னே
தாங்கியது என்கை அன்றோ?
காலொடு தலையும் தொட்டேன்;
கையைஏன் கழுவு கின்றாய்?

“ம். இனி உம்ம பதில்,” என்றார் சன்னிதானம்.

ஆவுடையப்பன் அவர் உட்கார்ந்திருந்த பீடத்தைப் பார்த்தார். ஆசை விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். நெஞ்சு வலிக்கிற அளவுக்கு ஆசை இருந்தது.

“பதில் இல்ல, சன்னிதானம்.”

“மறந்துபோச்சா? ஏட்டப் பாத்தே சொல்லும். பாதகமில்ல.”

“மறக்கல. நூறு பாட்டு எழுதுனேன். எதுகை மோனையெல்லாம் ஜோராத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுலகூட அவளுக்குப் பதில் இல்ல. இருக்குன்னு பொய் சொல்லி அவ ஏட்ட நெருப்புல போட வைக்க என்னால ஆகாது.”

சபை சலசலத்தது. சன்னிதானம் கையை உயர்த்தி அடக்கினார்.

“பட்டம் போயிரும் ஓய்.”

“போகட்டும்.”

“மடத்த விட்டே போகணும்.”

“போறேன். நாப்பதும் என்கூடத்தான் வரும். அத இங்க விட்டுட்டுப் போன்னு சொல்ல ஒங்களாலயும் முடியாது.”

அந்த மடத்தில் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. சன்னிதானத்தின் முகம் சிவந்தது. விதியாவது ஒன்றாவது! தட்டிலிருந்த ஏட்டை அள்ளித் தீயில் எறிந்தார். பனையோலைதானே, நொடியில் பற்றிக்கொண்டது.

மருத்துவச்சியின் ஏட்டைத் தொட்ட தீட்டுப் போகவேண்டுமே. பணியாள் வழக்கம்போலத் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். சன்னிதானம் இரண்டு கைகளையும் நீட்டினார். தண்ணீர் விழுந்தது. ஒரு கை இன்னொரு கையைத் தேய்க்கவில்லை. செம்பு காலியாகும்வரை அவை அப்படியே விரிந்து கிடந்தன.

கைகளைச் சட்டென்று மடக்கிக்கொண்டு அவர் சிற்றம்பலவர் பக்கம் திரும்பினார்.

“உம்ம சீடன் முப்பது வருஷத்தத் தொலைச்சுட்டு நிக்கான். அந்த நூல்ல அப்படி என்னதான் ஓய் இருக்கு?”

சிற்றம்பலவர் எழுந்து போய் ஆவுடையப்பன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க, சன்னிதானம். பொறவு சொல்லுதேன்.”