நாலாவது பல்

இரும்பைச் சீவும் ஒரு மில்லிங் பட்டறையில் நான்கு பல் கொண்ட கட்டர் ஒன்று இருந்தது. அது சுழல, மேஜை இரும்பை அதன் வாய்க்கு நகர்த்திக் கொடுக்கும். பற்கள் நான்கும் அக்கா தங்கைகள். முறை வைத்து ஆளுக்கொரு கடி.

ஒரு காலையில் ஆபரேட்டர் பொன்னுரங்கம் கட்டரைச் செருகும் குழியைத் துடைக்காமல் மாட்டிவிட்டார். உள்ளே கிடந்த இரும்புத் துகள் கட்டரை ஒரு மயிரிழை ஒதுக்கியது. கடைசித் தங்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள். அதன்பின் அக்காமார் மூவரும் இரும்பைத் தடவிக்கொண்டு போனார்கள். மொத்தப் பாரமும் அவள் தலையில் விழுந்தது.

“அக்கா, என் பங்குக்கு மேலே கடிக்கறேன்,” என்றாள்.

“எல்லாரும் ஒரே வேகத்துலதானே சுத்தறோம்? உனக்கு மட்டும் என்னடி நோவு?” என்றாள் பெரியவள்.

மேஜையிடம் முறையிட்டாள். “தள்ளறது என் வேலை கண்ணு. யாரு எவ்வளவு கடிச்சீங்கன்னு நான் பார்க்கறதில்லை.”

சூடு தணிக்க மேலேயிருந்து வழிந்த கூலன்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டது. “நாலு பேருக்கும் ஒரே அளவுதான் ஊத்தறேன். என்கிட்ட பாரபட்சம் கிடையாது.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்து சாகிறவளுக்கும் சும்மா சுற்றுகிறவளுக்கும் ஒரே அளவு ஊற்றிவிட்டு, அதற்குப் பெயர் நியாயமா?

மத்தியானம் வேலை தேங்குகிறதென்று பொன்னுரங்கம் மேஜையின் ஓட்டத்தைக் கூட்டினார். கடி இன்னும் கனத்தது. அவள் முனை உதிர்ந்தது. இரும்பின் முகமெல்லாம் வரிவரியாகக் கோடு.

அவர் கட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “மூணு பல்லு புதுசாட்டம் இருக்குது. இந்த ஒண்ணுதான் சொத்தை.”

“கேட்டியா? உன்னால எங்களுக்கும் கெட்ட பேரு,” என்றாள் பெரியவள்.

அவள் தேய்ந்த அளவுக்கு மற்ற மூவரையும் சாணையில் தேய்த்து, நால்வரையும் சமமாக்கி அனுப்பினார்கள். பொன்னுரங்கம் கட்டரைப் பளபளவென்று துடைத்தார். குழியைத் துடைக்கவில்லை. கட்டர் வேறு வாக்கில் திரும்பி உட்கார்ந்ததால் இந்த முறை நீட்டிக்கொண்டவள் பெரியவள்.

முதல் கடியிலேயே அலறினாள். “ஏன்டி, நீங்க யாரும் கடிக்கறதில்லையா?”

‘உனக்கு மட்டும் என்ன நோவு’ என்று கேட்கக் கடைசித் தங்கைக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“குழியில என்னமோ கிடக்குதுக்கா. அன்னிக்கும் அதுதான் என்னை நெட்டித் தள்ளுச்சு.”

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருவரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். கிறீச்சென்ற சத்தம் கேட்டுப் பொன்னுரங்கம் கட்டரைக் கழற்றினார்.

“போன தடவை ஒரு பல்லு, இந்தத் தடவை இன்னொண்ணு. இப்பல்லாம் நல்ல பல்லே வர்றதில்லை.”

குழிக்குள் துகள் சுகமாகக் கிடந்தது. அதை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை.