நாலாம் தண்ணி

“மிஷின் பொய் சொல்லுதும்மா” என்றார் கோமதிநாயகம்.

குளத்துக்கரை மடத்தின் தலைவி வடிவம்மை அவரைவிட இளையவர். முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்த மிஷின்?”

“நான் செஞ்சதுதான்.”

“பிள்ளை பொய் சொல்லுதுன்னு தகப்பனே வந்திருக்கீங்க. உக்காருங்க அண்ணாச்சி.”

அவர் உட்காரவில்லை.

அந்தக் குளத்துத் தண்ணீரை ஏழு ஊர்கள் பங்கிட்டுக்கொண்டன. எந்த வயலுக்கு அடுத்து எந்த வயல் என்ற முறை, மடை திறந்துவிடும் மடைக்காரர்களின் நினைவில் இருந்தது. ஊருக்கு ஒரு மடைக்காரர். ஆண்டுதோறும் மடை திறக்கும் நாளில் ஏழு பேரும் இந்த முற்றத்துக்கு வருவார்கள். ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து, ஏழு ஊர் முறையையும் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். ஒரு குரல் பிசகினால் நிறுத்துவார்கள். பிறகு சண்டை. வேட்டி கிழிந்த ஆண்டுகளும் உண்டு. சண்டை தீராமல் மடை திறக்காது.

கோமதிநாயகம் ஒரு மடைக்காரரின் மகன். படித்துப் பொறியாளரானவர். சண்டையை நிறுத்தியவர் அவர்தான்.

முறை முழுவதையும் நகரத்து அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினார். யாருக்கு எப்போது தண்ணீர் என்று செல்போனுக்குச் செய்தி வரும். செய்தி வந்தவருக்குத்தான் காவலாளி மடையைத் திறப்பார். மடைக்காரர்களுக்குச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் முற்றத்துக்கு வரவில்லை.

“என்ன பொய் சொல்லுது?”

“என் தங்கச்சி உலகம்மா வயலுக்கு முறையே கிடையாதுங்குது. பயிர் பொதி கட்டி, கதிர் தள்ளப்போற நேரத்துல நிக்கி. இந்த வாரம் தண்ணி பாயலேன்னா வைக்கோல்தான். புருசன் இல்லாதவ. அந்த வயலை விட்டா அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

“போன வருசம் தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு. பழைய செய்தியக் கொண்டுபோய்க் காட்டினா. மிஷின்ல இல்லாத முறை செல்லாதுன்னுட்டாரு ஆபீசர்.”

“அப்படி யாரு விதி போட்டது?”

“நான்தான்.”

பூச்சி அரித்த இலை ஒன்றை வடிவம்மை தூர எறிந்தார்.

“மாத்தினது யாரு?”

“மாத்தினவன் பேரு அதுலயே பதிவாகும். அதையும் அழிச்சிருக்கான்.”

“நகல் ஒண்ணு எடுத்து வச்சிருப்பீங்களே. படிச்சவங்க.”

“வச்சேன். அசல்ல ஒண்ணை மாத்தினா நகல்லயும் தானா மாறிக்கிடும். அப்படித்தான் செஞ்சேன்.” அவர் குரல் இறங்கியது. “அதுக்குத்தான் கேடயம் குடுத்தாங்க.”

“வீட்டுல இருக்கா?”

“எது?”

“கேடயம்.”

“இருக்கு.”

“பத்திரமா வையுங்க. அது மாறாது.”

கோமதிநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மடைக்காரங்ககிட்ட கேட்டீங்களா?”

“பாதிப் பேரு போய்ச் சேந்தாச்சு. மேலூர் தவசிக்கண்ணைத் தேடிப் போனேன். ‘நாங்க வாய் ஓயாம சொன்ன முறையா’ன்னு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம், ‘ஏ, அதான் போன்ல வருமே, பாரு’ங்காரு.”

வடிவம்மை சிரித்தார். கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது.

“அவங்க ஒண்ணும் உத்தமனுங்க இல்லம்மா. ஏழு பேரும் பொய்யனுங்க. எங்கப்பாவும்தான். அவனவன் ஊருக்குக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான்.”

“ஆமா. ஏழு பேரும் பொய்யனுங்கதான். ஒருத்தன் பொய்ய மத்தவன் விடமாட்டான்.”

“உபதேசம் கேக்க வரலம்மா.”

“பின்ன?”

“மடத்து வார்த்தைய ஆபீசர் தட்டமாட்டாரு. உலகம்மா வயலுக்கு முறை உண்டு, இன்ன இடத்துல உண்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“எந்த இடம்னு எனக்குத் தெரியாதே.”

“நான் சொல்லுதேன். அதை நீங்க சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“நான் மடைக்காரன் மவன்.”

வடிவம்மை கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். முற்றத்தின் மறுகோடிக்கு நடந்தார். கோமதிநாயகம் பின்னாலேயே போனார்.

ஏழு கற்களும் அங்கேயே கிடந்தன. ஒன்றில் மடத்துச் சமையல்காரி சுண்டை வத்தல் காயப்போட்டிருந்தாள். ஒன்று பாதிக்கு மேல் மண்ணில் புதைந்திருந்தது.

“உங்கப்பா கல்லு எது?”

அவர் யோசிக்காமல் காட்டினார்.

“உக்காந்து சொல்லுங்க. அவரு சொல்லுத மாதிரியே சொல்லணும். நான் கேட்டு வச்சுக்கிடுதேன். நாளைக்கே ஆபீசருக்குச் சொல்லிடுதேன்.”

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கீழே வைத்தார். கல்லில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது.

“மொதத் தண்ணி வேப்பமரத்து வயல்!”

சுவரில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. அப்பாவின் குரல் அப்படியே வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

“ரெண்டாம் தண்ணி குட்டைக்கரை!”

வடிவம்மை தலையசைத்தார்.

“மூணாம் தண்ணி இரட்டைவரப்பு!”

அங்கே நின்றது. நான்காவது எதுவென்று அவருக்கு நினைவில்லை. உதடுகள் அசைந்தன. மறுபடி முதலிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

வடிவம்மை காத்திருந்தார்.

“நாலாம் தண்ணி உலகம்மா வயல்!”

முதல் மூன்றையும்விடச் சத்தமாக வந்தது. துளிப் பிசகு இல்லை.

“சரி” என்றார் வடிவம்மை. “நாலாம் தண்ணி உலகம்மா வயல். அப்படியே சொல்லிடுதேன். அடுத்தது?”

கோமதிநாயகம் தலையைத் திருப்பினார். பக்கத்துக் கல்லைப் பார்த்தார். அதற்கடுத்த கல்லைப் பார்த்தார். வத்தல் காய்ந்த கல்லைப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, நிறுத்திட்டீங்க?”

“யாராவது இல்லேன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன்ம்மா.”