ஒரு வாய்த் தண்ணீர்

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற கேமராக் குழாயைச் சோதிப்பதுதான் ஆஸ்பத்திரியில் செண்பகவல்லிக்கு வேலை. மெஷின் கழுவித் தந்ததும் குழாய்க்குள் காற்றடித்துப் பார்ப்பாள். சொட்டு ஈரம் வந்தாலும் 'சுத்தம்' என்று கையெழுத்துப் போடமாட்டாள்.

அன்றைக்கு மேனேஜர் ஞானசிகாமணி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"வெளியே பதினாலு பேர் காத்துக் கிடக்காங்க. மெஷினே கழுவியாச்சு, அஞ்சாங்கிளாஸ் படிச்ச உனக்கு அதைவிட அறிவோ? கையெழுத்துப் போடு, இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

செண்பகவல்லி தலை நிமிரவில்லை. குழாயின் அடியில் ஒரு டம்ளரைப் பிடித்துக் காற்றடித்தாள். கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது.

"போட்டுடறேன் சார். நீங்க இதை ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டா போதும்."

"சீச்சீ! இதையா குடிப்பாங்க?"

"வெளியே இருக்கிறவங்க வயித்துக்குள்ளதானே சார் இது போகப்போகுது?"

மேனேஜர் டம்ளரைப் பார்த்தார். வெளியே போனார். அவள் குழாயை மறுபடி கழுவப் போட்டாள்.

"ஏன் சார் இவ்வளவு நேரம்?" என்று வெளியே ஒருவர் சலித்துக்கொண்டார்.

"மெஷினை நம்பி விட்டுட முடியுமாய்யா?" என்று அதட்டினார் ஞானசிகாமணி. "நாங்க ஒரு தடவை பார்த்தாத்தான் திருப்தி!"